கேட்டுப் பெறும் இருக்கை

தமக்கு ஒரு பதவி வேண்டும் என்று வாய்திறந்து கேட்பவரை நம் ஊர்கள் ஐயத்தோடுதான் பார்த்து வந்திருக்கின்றன. தேர்தலில் நின்று வாக்குக் கேட்பவர் ஊரார் முன் தம்மை நிறுத்திக்கொள்கிறார். ஏற்பதும் தள்ளுவதும் ஊராரின் கையில் இருப்பதால் அந்தக் கேட்டலில் இழிவில்லை. நியமனம் வேண்டி விண்ணப்பம் எழுதுபவரோ ஆட்சியாளர் முன் நிற்கிறார். அவர் எதைச் சொல்லிக் கேட்டார், அவருக்காகப் பரிந்து பேசியவர் யார், எந்தத் தகுதியால் பெற்றார் என்பவை ஊராருக்குத் தெரியாமலே போய்விடக்கூடும். நியமனப் பதவி என்றாலே யாரோ ஒருவர் அருளிய கொடை என்று கருதும் வழக்கம் இவ்வாறுதான் வேரூன்றியது. அவ்வழக்கம் முழுவதும் பிழையென்றும் சொல்வதற்கில்லை. ஆயினும், வாக்குப்பெட்டியின் வழியே உள்ளே வர இயலாதபடி மக்களில் ஒரு பகுதியினர் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டிருக்கையில், அவர்களுக்கென வேறொரு வாயிலைத் திறப்பது அரசின் கடமை என்பதும், அவ்வாயிலில் நின்று தலைநிமிர்ந்து இடம் கேட்பது அவர்களின் உரிமை என்பதும் நாம் ஐயமின்றிக் கொண்டிருக்கும் நிலைப்பாடு.

2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் கொண்டுவந்த இரு சட்டமுன்வடிவுகள் அத்தகைய வாயிலைத் திறந்தன. நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் ஊராட்சிகள் சட்டமும் திருத்தப்பட்டு, மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை ஒவ்வோர் அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக அமர வழிவகுக்கப்பட்டது. அதுவரை மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் பதவியிலிருந்த மாற்றுத்திறனாளிகள் 35 பேர் மட்டுமே என்று அரசே கூறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் 11.79 இலட்சம் பேர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் இச்சட்டம் தேவைதானா என்று கேட்டிருக்க மாட்டார். நகர்ப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 650 பேருக்கு இடம் உண்டானது. அவ்வாண்டு சூலையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

அந்த இடங்களுள் ஒன்று இலுப்பூர்ப் பேரூராட்சி மன்றத்தில் உண்டானது. புதுக்கோட்டை மாவட்டத்தின் மூன்று வருவாய்க் கோட்டங்களுள் ஒன்றுக்குத் தலைமையிடமாகவும், வட்டத்தின் தலைமையிடமாகவும் இருக்கும் இவ்வூர், அளவில் சிறியதாயினும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் அலுவல் முழுவதையும் சுமக்கும் ஊர். சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் வருவோர் இறங்குவது இவ்வூரின் தெருக்களில்தான். அவர்களுள் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வருவோர் எத்தனையோ பேர். அவர்களுக்கு இவ்வூரில் வாக்கில்லை, ஆனால் இவ்வூரின் சாலையும் கழிவுநீர்க் கால்வாயும் கழிப்பறையும் அவர்களையும் தாங்கியாக வேண்டும். ஆகவே இலுப்பூரில் இவ்விருக்கையை நாடுபவர் தம் வார்டுக்காரருக்காக மட்டும் பேசப்போவதில்லை என்பதை முதலிலேயே உணர்ந்திருக்க வேண்டும்.

உள்ளாட்சியைப் பற்றி எழுதுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டுவது மரபு. நிலமும் மனையும் இல்லாதவரின் பெயரைக் குடத்தில் இடும் ஓலையில் எழுதவே இசையாத அம்முறை, வெளியே நிறுத்தப்பட்டோர் மன்றத்தில் இடம் பெறுவது எவ்வாறு என்ற வினாவுக்கு உதவாது. நமக்கு வேண்டிய முன்னிகழ்வு புதுக்கோட்டையிலேயே இருக்கிறது.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எழுந்த எதிர்ப்பை மீறி அவருக்கு இடந்தந்தவர் மன்னர். பின்னர்ச் சென்னையில் மருத்துவம் பயின்று தேறினார். 1926 தேர்தலை அடுத்து அமைந்த சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவர் வாக்குப் பெற்று வரவில்லை, நியமனத்தால் வந்தார். அவ்வாறு வந்தவரை அச்சபை தன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்ற தீர்மானத்தை 1927-இல் கொண்டுவந்ததும், கோயில் பணிக்காக மானிய நிலம் பெற்றிருந்த பெண்களை அப்பணிக் கட்டாயத்திலிருந்து விடுவித்த 1929 சட்டத்துக்கு வழிகோலியதும் அவர் பணிகள். உப்பு அறப்போரின்போது காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930-இல் அப்பதவியைத் துறந்தார். கொடுத்தவருக்கு நன்றிக்கடனாக வாய்மூடி இருப்பதற்கன்று அவர் அவ்விருக்கையை ஏற்றது. கொடுத்த ஆட்சியின் செயல் தம் மனச்சான்றோடு மாறுபட்டபோது அதைத் திருப்பிக் கொடுக்கவும் தயங்கவில்லை. நியமன உறுப்பினர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அறிய விரும்பும் புதுக்கோட்டை மாவட்டத்தவர் வெகுதொலைவு தேடிப் போகவேண்டியதில்லை.

மறுபக்கத்து முன்னிகழ்வுகளையும் மறைப்பதற்கில்லை. புதுச்சேரியில் 2017-இல் அங்கு ஆண்ட கட்சியைக் கேளாமலே நடுவண் அரசு மூவரைச் சட்டப்பேரவைக்கு நியமித்தது. அவர்கள் மூவரும் நடுவண் ஆளுங்கட்சியினர். 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்நியமனத்தையும் அவர்களின் வாக்குரிமையையும் செல்லுமென்றது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அமைச்சரவை பேரவையில் பெரும்பான்மையை மெய்ப்பிக்க இயலாமல் கவிழ்ந்தபோது, அம்மூவரின் வாக்கும் கணக்கில் சேருமா என்பதே பெரும் பூசலாயிற்று. தில்லி மாநகராட்சியில் 2023-இல் துணைநிலை ஆளுநர் நியமித்த பத்துப் பேர் மேயர் தேர்தலில் வாக்களிக்கலாமா என்ற வழக்கால் மேயரின்றியே வாரங்கள் கடந்தன. வாக்களிக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் பிப்ரவரி 17 அன்று தெளிவுபடுத்திய பின்னரே தேர்தல் நடந்தது. நியமனம் என்ற கருவி எத்தனை எளிதாகக் கட்சிக்கணக்கின் கருவியாகிவிடும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

தமிழ்நாட்டுச் சட்டம் நியமன உறுப்பினருக்கு மன்றத்தில் பேசவும் மதிப்பூதியம் பெறவும் இடந்தந்து, வாக்களிக்கும் உரிமையை மட்டும் தரவில்லை. சிறப்பறிவும் பட்டறிவும் உடையோரை நகர மன்றங்களில் சேர்க்க இசையும் அரசமைப்பே அவர்களுக்கு வாக்கில்லை என்று வரையறுத்திருப்பதால், இக்குறையை மாநில அரசின் மேல் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. தலைவரைக் கவிழ்க்கவோ காக்கவோ பயன்படாத இருக்கையை எக்கட்சியும் விலைபேசாது என்ற அளவில் அதில் ஒரு காப்பும் உண்டு. ஆனால் வாக்கில்லாதவரின் சொல்லுக்கு மன்றம் செவிசாய்க்குமா என்ற வினா எஞ்சுகிறது. அதற்கான விடை அவர் எதைப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது.

பேரூராட்சிக் கூட்டம் எவ்வாறு நடக்கும் என்பதை அறிந்தவர்கள், அங்கே வாக்கெடுப்பு நடப்பதே அரிது என்பதையும் அறிவார்கள். பொருள்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். குடிநீர் மோட்டார் பழுது, தெருவிளக்கு, ஒப்பந்தப்புள்ளி, செலவினத்துக்கு மன்றத்தின் பார்வை. எதிர்ப்பவர் எழுந்து இரண்டு சொல் பேசுவார். தீர்மானம் நிறைவேறியதாகப் பதிவேட்டில் எழுதப்படும். மெய்யான முடிவு அதற்கு முன்பே, பொறியாளர் அணியமாக்கும் மதிப்பீட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. நியமன உறுப்பினரின் பணியிடம் அதுவே. ஒரு பொதுக் கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். சாய்தளம் அமைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மதிப்பீட்டில் 'சாய்தளம்' என்று ஒரு வரி இருக்கும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது அளவு. ஆனால் இடமில்லை என்று நான்கடியில் முடித்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினால் பின்னோக்கிச் சரியும். கதவு 90 சென்டிமீட்டர் திறக்க வேண்டும், அறுபதில் நின்றுவிடும். உள்ளே கைப்பிடிக் கம்பி சுவரின் தவறான பக்கத்தில் பதிக்கப்பட்டிருக்கும். கட்டி முடித்த பிறகு திறப்புவிழாவும் நடந்துவிடும். பட்டியலுக்குப் பணமும் வழங்கப்பட்டுவிடும். இவற்றுள் எதையும் மன்றத்தில் அமர்ந்திருக்கும் மற்ற உறுப்பினர்கள் தீய எண்ணத்தால் செய்வதில்லை. அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நாள்தோறும் அச்சரிவில் ஏற முயன்று தோற்றவர் மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்து, நீளத்தையும் அகலத்தையும் சுட்டிக்காட்டி, அக்கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்வாரானால், பின்னர் வரும் தணிக்கையாளருக்கும் வழக்கு மன்றத்துக்கும் அதுவே சான்றாகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. அணுகத்தக்க வசதிகளுக்கான நெறிகள் விருப்பத்துக்கு விடப்பட்டவையாக இருத்தலாகாது என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இருக்கிறது. இவ்விரண்டையும் உடையவரின் சொல் வாக்கில்லாவிடினும் எடையற்றுப் போகாது.

இதனைச் செய்ய வல்லவரைத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்பதே ஊரார் கேட்க வேண்டிய கேள்வி. கட்சிக்காரர் என்பது தகுதிக்குறைவன்று. கட்சிக்காரர் என்பது ஒன்றே தகுதியாகிவிடுவதுதான் கேடு. விண்ணப்பித்தவர்களின் பெயர்களும், நியமிக்கப்பட்டவரைத் தேர்ந்ததற்கான காரணமும் பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அரசு தானாக அதைச் செய்யாவிடினும், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து உரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்டுப் பெறலாம், கேட்க வேண்டும். அதுபோலவே, இருக்கையை நாடுபவருக்கும் ஒரு கடமை உண்டு: செயல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுப்பதோடு நில்லாமல், தம் ஊரில் இன்னின்னவற்றைச் செய்விக்க விரும்புகிறேன் என்று வாக்குக் கேட்பவரைப் போலவே ஊரார்க்கும் சொல்வது. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, இருக்கையோ ஒன்று. காலிழந்தவர் அமர்ந்தால் காதுகேளாதவருக்காகவும் அவர் பேசியாக வேண்டும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாய் சொல்வதையும் கேட்டுவந்து மன்றத்தில் வைத்தாக வேண்டும். தம் குறைபாடு ஒன்றை மட்டுமே தகுதியாகக் கருதுபவருக்கு இப்பணி அமையாது.

மன்றத்துக்கும் ஒரு சொல். பல பேரூராட்சிகளில் கூட்ட அரங்கு மாடியில் இருக்கிறது. நியமன உறுப்பினரை நால்வர் நாற்காலியோடு தூக்கிச் சென்று மாலையிட்டு ஒளிப்படம் எடுத்துக்கொள்வது மரியாதையன்று. கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. பார்வையற்றவர் வந்தால் கூட்டப் பொருளை முன்னதாகவே கைப்பேசிக்கு ஒலிவடிவில் அனுப்பலாம். செவித்திறனற்றவர் வந்தால் சைகைமொழி அறிந்தவரை அமர்த்துவதற்கான செலவை மன்றமே ஏற்க வேண்டும்.

காலமோ குறுகியது. 2022 மார்ச் 2 அன்று உறுதிமொழி ஏற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சுத் தொடக்கத்தில் முடிகிறது. விண்ணப்பம் பெற்ற சூலையிலிருந்து கணக்கிட்டாலும் இருபது மாதங்களே கிடைக்கும். நியமன ஆணை வரத் தாழ்ந்த காலத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஊரகத்தின் நிலை இன்னும் கடினமாயிற்று: புதுக்கோட்டை உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரியிலேயே முடிந்து, ஆட்சி தனி அலுவலர்களின் கைக்குப் போனது. மன்றமே இல்லாத ஊராட்சியில் மாற்றுத்திறனாளிக்கு இருக்கை தந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

நியமனம் இறுதி இலக்கும் அன்று. பெண்களுக்கு நேர்ந்ததை நினைவுகூர்க. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஊராட்சி அமைப்புகளில் இரண்டு பெண்களைக் கூட்டுறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அச்சலுகையிலிருந்து, தேர்தலில் நின்று வெல்லும் இடஒதுக்கீட்டுக்கு வர 1993 வரை, அதாவது அரசமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வரும் வரை, 36 ஆண்டுகள் சென்றன. தமிழ்நாட்டில் அது மூன்றிலொரு பங்காகத் தொடங்கி, 2016-இல் சரிபாதியாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. சட்டீசுகரில் 2019 முதலே ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் சட்டம் உண்டு. ஆங்கும் நியமனத்துக்கு அப்பால் ஒதுக்கீடு நகரவில்லை. நகர மன்றங்களின் ஒதுக்கீட்டை வகுக்கும் அரசமைப்புக் கூறு பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரைப் பெயர் சொல்கிறது, மாற்றுத்திறனாளிகளைச் சொல்லவில்லை. அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. திருத்துமாறு வலியுறுத்தித் தீர்மானம் இயற்றுவது தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையின் வேலை. அதுவரை காத்திருக்க வேண்டாதது ஒன்று உண்டு. இலுப்பூரின் நியமன உறுப்பினர் தம் பணியால் ஊராரின் நம்பிக்கையைப் பெற்று, அடுத்த தேர்தலில் ஒரு வார்டில் நிற்க முன்வந்தால், அவருக்குச் சின்னம் வழங்கச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. கட்சிகளின் மாவட்டச் செயலாளர்கள் இசைந்தால் போதும்.