மேடை ஏறாத பிள்ளைகள்



பேச்சுப்போட்டிக் காலம் வந்துவிட்டால் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வழக்கம் தவறாமல் அரங்கேறும். ஆசிரியர் உரை எழுதுவார். குரல்வளம் மிக்க பிள்ளை ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். இரண்டு வாரம் மனனம். பிறகு, "நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே" என்று தொடங்கி, கை உயர்த்த வேண்டிய இடத்தில் கை உயர்த்தி, கோப்பையோடு திரும்பும். போட்டியை நான் குறைகூறவில்லை. தமிழின் ஓசையைப் பிள்ளைகளின் செவியில் பதிய வைப்பதில் அதற்குப் பங்குண்டு. ஆனால், இதனைத் தன்னம்பிக்கை வளர்க்கும் பயிற்சி என்று நாம் சொல்லிக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

ஏற்கெனவே அச்சமற்ற பிள்ளைக்கே மேடை கிடைக்கிறது. அஞ்சும் பிள்ளையோ ஆறாண்டும் கைதட்டியே பழகி, இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுந்து பேச வேண்டும். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுக்கென்றே தனித்தாள் உண்டு. தாய்மொழியிலேயே நாலு பேர்முன் வாய் திறந்திராத பிள்ளை அங்கே என்ன செய்யும்?

மேலும், மனனம் செய்த பிள்ளை அஞ்சுவது அவைக்கு அன்று, மறதிக்கு. ஒரு சொல் நழுவினால் முழு உரையும் சரிந்துவிடும். தன் சொல்லால் பேசும் பிள்ளைக்கோ ஒரு சொல் மறந்தால் வேறொரு சொல் கிடைக்கும். திருக்குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு முன்னே, 72ஆவதாக, அவையறிதல் நிற்கிறது. மனப்பாட உரையைப் பிள்ளை கூரையைப் பார்த்தே ஒப்புவித்துவிடலாம். எதிரே இருப்போரை அறிய வேண்டிய தேவையே எழாது.

என் வகுப்பில் நான் கடைப்பிடிப்பது எளிய முறை. நாள்தோறும் இருவர், ஆளுக்கு இரண்டு நிமிடம். 25 மாணவர் கொண்ட வகுப்பில் 13 பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். தேர்வு, விளையாட்டுப் போட்டி என்று நாள்கள் கழிந்தாலும், ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்குப் பத்து முறையாவது பேசிவிடும். எழுதி வரக்கூடாது, வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டு வரலாம். கையில் பொருள் இருந்தால் நடுக்கம் குறைகிறது. கேட்போர் கண்ணும் முகத்தைவிட்டுப் பொருளுக்குச் செல்கிறது. (நாமும் எழுதுகோலைப் பிடிக்காமல் பாடம் நடத்துவதில்லையே!)

மூன்றாம் ஆண்டில், வாய் திறவாத மாணவன் ஒருவன், தன் பாட்டி பால்மரக் காட்டில் பயன்படுத்திய பழைய மங்கு ஒன்றைக் கொண்டு வந்தான். உயர்த்திக் காட்டிவிட்டுச் சும்மா நின்றான். "இதுலயா சோறு சாப்பிடுவாங்க?" என்று முன்வரிசைச் சிறுமி கேட்டாள். "இல்ல, பால்! மரத்துப் பால்!" என்று சிரித்தபடி தொடங்கியவன் நேரம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. வகுப்பிலேயே தனக்கு மட்டும் தெரிந்த செய்தி ஒன்று அன்று அவனிடம் இருந்தது.

திருத்தம் செய்வதில்தான் நாம் நம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். ழகரம் லகரமாகிவிட்டதே என்று பாதியில் குறுக்கிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை எழாது. இடையில் மலாய்ச்சொல் வந்தால் வரட்டும். பேசி அமர்ந்தபின் ஒரே ஒரு திருத்தம். அதுவும் அருகில் சென்று, மெல்லிய குரலில். கேட்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு: ஒருவராவது வினா எழுப்ப வேண்டும். எள்ளி நகைப்பதை மட்டும் நான் பொறுப்பதில்லை.

நேரமில்லை என்பர் சிலர். நான்கே நிமிடம்! யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் கேட்டல், பேச்சுத் திறன்களும் உண்டு. இப்பேச்சே அதற்குச் சான்றாகும். மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளிகள் நம்மிடம் பல. அங்கே சபைகூடலில் எல்லாப் பிள்ளைகளையுமே முறைவைத்துப் பேசச் செய்யலாம். பெரிய பள்ளிகளுக்கு வாய்க்காத நல்வாய்ப்பு அது.

பெற்றோர்களுக்கும் ஒன்று. விருந்தினர், "எந்த வகுப்பு படிக்கிறாய்?" என்று பிள்ளையைக் கேட்டால், நாம் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுகிறோம். அல்லது, "மாமாவுக்குத் திருக்குறள் சொல்லிக் காட்டு" என்று கூடத்தில் நிறுத்திவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். கடையில் ரொட்டி சானாய் வேண்டுமென்றால் பிள்ளையே கேட்கட்டும். மிச்சக் காசையும் அதுவே எண்ணி வாங்கட்டும். வரிசையில் பின்னால் நிற்பவர் சற்றே காத்திருப்பார்.