மொச்சை பிடிக்காத வேளாண் விஞ்ஞானி

சில ஆண்டுகளுக்கு முன்பு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில், மானாவாரி நிலக்கடலையில் ஊடுபயிர் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். துவரை போடுங்கள், தட்டைப்பயறு போடுங்கள், மொச்சை போடுங்கள், மண்ணில் தழைச்சத்து சேரும் என்ற வழக்கமான பாடம்தான். முடிக்கும் நேரத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சார், மொச்சக்கொட்ட உங்களுக்குப் புடிக்குங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புடிக்காதுங்கம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "எம் பேரப்புள்ளைகளும் தொடறதில்லீங்க. அப்பறம் யாருக்குங்க போடறது?" என்றார். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவனிடம் அதற்குப் பதில் இல்லை.

சிறுவயதிலிருந்தே எனக்கு அந்த வாசனை ஆகாது. தை மாதம் வீட்டில் பச்சை மொச்சை உரிப்பார்கள். விரலெல்லாம் பிசுபிசுக்கும். காயின் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் காரணம். கர்நாடகத்தில் இதற்குச் 'சொகடு' என்று பெயர். அங்கே காயை முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். பெங்களூரில் மொச்சைக்கென்றே 'அவரேகாய் மேளா' நடக்கிறது. நான் மூக்கைப் பொத்திய வாசனைக்கு, சேலத்திலிருந்து 200 கிலோமீட்டரில் கிராக்கி! அப்படியானால் குறை காயில் இல்லை, என் பழக்கத்தில்தான்.

வீட்டில் பிதுக்கம்பருப்பில் தொடங்கினோம். காய்ந்த மொச்சையை இரவு முழுக்க ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துவிட வேண்டும். துவர்ப்பு பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. வாயுத் தொல்லை தருவது பருப்பிலுள்ள ஒருவகைச் சர்க்கரை. அது நம் குடலில் செரிக்காமல் நுண்ணுயிரிகளால் நொதிக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும். அரைவேக்காட்டில் மட்டும் சாப்பிடக்கூடாது. புதிய உணவைப் பிள்ளைகள் ஏற்க எட்டு, பத்துத் தடவையாவது ருசி பார்க்க வேண்டும் என்கின்றன ஆய்வுகள். நாற்பதைத் தாண்டிய எனக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்டது. கடைசியில் என்னை வழிக்குக் கொண்டுவந்தது கருவாடு போட்ட மொச்சைக் குழம்பு. இப்போதும் உரிக்கும் வேலை என்றால் நழுவிவிடுவேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. சேலம், நாமக்கல் பகுதியில் சோளமும் கடலையும் இருந்த பல காடுகள் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளிக்குப் போய்விட்டன. காசு வரும் பயிரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதத்துக்குப் பயறு வேண்டும், அதை இப்போது கடையில் வாங்குகிறோம். சமைக்காத வீட்டில் விதையும் எடுத்துவைக்க மாட்டார்கள். நாட்டு மொச்சை ஆடியில் ஊன்றினாலும், பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். அந்தந்த ஊரில் தலைமுறையாக எடுத்துவைத்த விதை போனால் திரும்பக் கிடைப்பது கடினம்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வயல் விழாவில் பயறு பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, மதியம் தக்காளி சாதப் பொட்டலம் கொடுக்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்காவது அந்தப் பயற்றையே குழம்பு வைத்துப் போடலாமே. விதைப் பொட்டலத்தைவிடச் சட்டி அதிகம் பேசும்.

மரவள்ளி போட்டவர்களும் பயறு எடுக்கலாம். முதல் மூன்று மாதம் வரிசைகளுக்கிடையே இடம் சும்மாதான் கிடக்கிறது. அங்கே குத்துச்செடியாக வளரும் தட்டைப்பயறு போடுங்கள். நாட்டு மொச்சை வேண்டாம், கொடி ஏறி மரவள்ளியை மூடிவிடும். அதற்கு வேலியோரமே சரி, ஆடியில் பத்துக் குழி ஊன்றினால் போதும். விதைக்காகச் சந்தையில் உரித்த பச்சைக்கொட்டை வாங்காதீர்கள். செடியிலேயே முற்றிக் காய்ந்த காயாகக் கேட்டு வாங்கி, வண்டு விழாமல் நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்துவையுங்கள்.