தாளிக்கும் முன்பே அதன் பங்கு

எங்கள் வீட்டு நாய் மணிக்கு 9 வயது. தெருவில் குட்டியாகக் கிடந்தவனைத் தூக்கி வந்த நாள்முதல், நாங்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவனுக்கும் சாப்பாடு. காலையில் தயிர்ச்சோறு, இரவில் குழம்பு பிசைந்த சோறு, நடுவே டீயில் நனைத்த பிஸ்கட். பாசத்தோடுதான் போட்டோம். போன ஆண்டு அவன் ஈறு வெளுத்து, மாடிப்படி ஏறவே மூச்சுவாங்கினான். ரத்தத்தைச் சோதித்த கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "குழம்புச் சோறா போடுறீங்க?"

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பிரியாணியில் வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். நாம் ஆசையாய்ப் போடுவதில் இத்தனை ஆபத்து இருக்கிறது.

சோறு மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீவன அளவுகோல், குட்டிக்கு 22.5. வெறும் சோற்றில் 10 சதவீதம்கூடத் தேறாது. அதற்காக விலை கூடிய பாக்கெட்தான் நல்லது என்றும் நம்பிவிட வேண்டாம். முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை வரிசையில் அச்சிடுவார்கள். கோழி, மீன் என்று இறைச்சியின் பெயர் முதலில் வருகிறதா, உங்கள் நாயின் வயதுக்கு அது முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுச் சமையல்தான் என்றால், சுண்ணாம்புச் சத்துக்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள்.

புது உணவை மணி இரண்டு நாள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். ஒரே நாளில் மாற்றியது எங்கள் தவறு. பிறகு பழைய சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றினோம். நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் பெரிது. நமக்கிருக்கும் சுவை மொட்டுகளில் ஐந்தில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு. அதனால் உப்பும் மசாலாவும் தேவையில்லை, வாசனை எழுந்தால் போதும். உப்பில்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றினேன். வேகவைத்த ஈரலில் ஒரு சிறு துண்டைப் பிசைந்தேன். தட்டை நக்கியே நகர்த்திவிட்டான். பிஸ்கட்டை நிறுத்திப் பரங்கிக்காய்த் துண்டு கொடுக்கிறோம். இப்போது மாடிக்கு எனக்கு முன்னால் ஓடுகிறான்.

நாய் நம்மிடம் தனிச் சமையல் கேட்பதில்லை. இன்று கறி வாங்கினால், வெங்காயமும் உப்பும் சேர்ப்பதற்கு முன்பே நாலு துண்டைத் தனியாக வேகவைத்து எடுத்து வையுங்கள். மிச்சமாகப் போடாமல், அதன் பங்காகக் கொடுங்கள்.