இசட் புள்ளியும் தரப்படுத்தலும் ஒன்றல்ல

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரிடையே ஒரு குற்றச்சாட்டு எழுகிறது. எழுபதுகளின் தரப்படுத்தலுக்கு வைத்த புதுப் பெயர்தான் இசட் புள்ளி என்றும், கெட்டிக்காரப் பிள்ளைகளின் புள்ளியை வெட்டவே அது கொண்டுவரப்பட்டது என்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள காயம் உண்மையானது, பேச்சு பிழையானது. அதை நம்பும் பிள்ளை தன் பரீட்சை ஆயத்தத்தையும் பிழையாகவே திட்டமிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வாதத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம்.

1. "இது பழைய தரப்படுத்தலேதான்"

1971ஆம் ஆண்டு மருத்துவ பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதுமாக இருந்தது. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஒரு தலைமுறையின் கல்வியோடு நாட்டின் அரசியலையும் அவை புரட்டிப்போட்டன. அதை நாம் மறக்க வேண்டியதில்லை.

ஆனால் 2001ஆம் ஆண்டுப் பரீட்சையோடு வந்த இசட் புள்ளியின் கணக்கில் மொழிக்கும் இடமில்லை, மாவட்டத்துக்கும் இடமில்லை. மாணவர் ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து, அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் சராசரியைக் கழிக்கிறார்கள். வரும் விடையை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், வகுக்கிறார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என எந்த மொழியில் எழுதியவரும் ஒரே சராசரிக்குள்தான் அடங்குகிறார். ஒரே ஆண்டில், ஒரே பாடத்தில், பருத்தித்துறையில் 70 எடுத்தவருக்கும் மாத்தறையில் 70 எடுத்தவருக்கும் இசட் புள்ளி ஒன்றே.

2. "எடுத்த புள்ளியை வெட்டிவிடுகிறது"

ஒரு பாடத்துக்குள் இசட் புள்ளி யாருடைய நிலையையும் மாற்றுவதில்லை. 82 எடுத்தவர் 81 எடுத்தவருக்கு முன்னால்தான் நிற்பார். வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டும்போதுதான் அதன் தேவை வருகிறது. உதாரணத்துக்கு, ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 20. அதில் 80 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1. வெறும் புள்ளியைப் பார்த்தால் 80தான் பெரிது. ஆனால் கடினமான வினாத்தாளோடு போராடி 70 எடுத்தவர்தான் தன்னோடு எழுதியவர்களைவிட அதிக தூரம் முன்னேறியிருக்கிறார். புள்ளிகளை அப்படியே கூட்டினால் இவருடைய உழைப்புத்தான் காணாமற்போகும்.

3. "மூன்று ஏ எடுத்தால் பிறகென்ன?"

பெறுபேறு கைபேசித் திரையில் வந்ததும் வீட்டார் முதலில் பார்ப்பது மூன்று எழுத்துகளை. அனுமதியைத் தீர்மானிப்பது அவற்றின் கீழே நான்கு தசமதானங்களோடு நிற்கும் இசட் புள்ளி. 75 எடுத்தாலும் ஏ, 98 எடுத்தாலும் ஏ. அதனால்தான் மூன்று ஏ எடுத்த எல்லோருக்கும் மருத்துவ பீடம் கிடைப்பதில்லை.

திரையில் வரும் அந்த இசட் புள்ளி, மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரி. 2.1, 1.9, 0.2 எடுத்தவருக்கு 1.4 வரும், மூன்றிலும் 1.6 எடுத்தவருக்கு 1.6 வரும். விருப்பமான இரண்டு பாடங்களுக்கே ரியூசனில் நேரத்தைக் கொட்டி, மூன்றாவதைக் கைவிடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாராவது பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

4. "மைனஸ் வந்தால் பெயில்"

இல்லை. சராசரியைவிடக் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த மாணவருக்கும் மைனஸ் வரலாம்.

5. "அப்படியானால் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி ஏன் மாறுகிறது?"

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 40 வீத இடங்களை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தை மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்குகிறது. ஒரு மாவட்டத்தில் கடைசியாக இடம் பெற்றவரின் இசட் புள்ளியே அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. யாரும் அதை முன்கூட்டியே நிர்ணயிப்பதில்லை.

ஆகவே கொழும்பில் வெட்டுப்புள்ளி உயர்ந்தும் முல்லைத்தீவில் தாழ்ந்தும் இருப்பது ஒதுக்கீட்டின் விளைவு. இசட் புள்ளியை நாளைக்கே ஒழித்தாலும் அந்த வேறுபாடு அப்படியே இருக்கும். ஒதுக்கீடு நியாயமா, அதன் விகிதம் சரியா என்று தாராளமாக வாதாடலாம். வாதாடும்போது, ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாத வன்னிப் பாடசாலைகளின் பிள்ளைகளும் அதனால் பயன்பெறுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

6. "அப்படியானால் அதில் குறையே இல்லையா?"

உண்டு. இசட் புள்ளி, கூடவே எழுதியவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. கெட்டிக்காரர்கள் திரண்டு எடுக்கும் பாடத்தில் சராசரி உயர்ந்துவிடும். அங்கே நல்ல மாணவருக்கும் இசட் புள்ளி குறையலாம். கலைப் பிரிவின் 1.5ஐயும் கணிதப் பிரிவின் 1.5ஐயும் ஒப்பிடுவதிலும் பொருளில்லை.

இந்தக் கருவியைப் பிழையாகக் கையாண்டால் என்ன நடக்கும் என்பதை 2011ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. அந்த ஆண்டு பழைய பாடத்திட்ட மாணவரும் புதிய பாடத்திட்ட மாணவரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினார்கள். அவர்களை ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, இரு பிரிவினருக்கும் தனித்தனியே கணிக்க உத்தரவிட்டது. முறையைக் கைவிடும்படி நீதிமன்றம் சொல்லவில்லை. பிழை எந்தப் படியில் நடந்தது என்று குறிப்பாகச் சுட்டிக்காட்ட முடிந்ததால்தான் அந்த மாணவர்களுக்கு நீதி கிடைத்தது.

நாமும் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கவேண்டும். வினாத்தாளின் தமிழாக்கத்தில் பிழையென்றால் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்போம்; ஒதுக்கீட்டு விகிதம் பிழையென்றால் மானியங்கள் ஆணைக்குழுவிடமும் பாராளுமன்றத்திடமும் கேட்போம்; பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லையென்றால் மாகாணக் கல்வி அமைச்சிடம் கேட்போம். எல்லாவற்றையும் இசட் புள்ளியின் தலையில் கட்டினால், பதில் சொல்லவேண்டிய எல்லோரும் தப்பிவிடுவார்கள்.