அட்டையில் எழுதப்படும் உயரம்

மாண்புமிகு கேரள சுகாதாரத்துறை அமைச்சர் அவர்களுக்கு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு திறந்த மடல்

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் எடுக்கப்படும் அளவுகளில் ஒன்று உயரம். சுவரோடு ஒட்டிப் பெண்ணை நிற்கவைத்து அளந்து, தாய்–சேய் பாதுகாப்பு அட்டையில் எழுதுகிறார்கள். அது 140 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிக்கல் மிகுந்த கர்ப்பமாகக் குறிக்கப்படும். 2016-இல் தொடங்கி மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டமும் அத்தகைய பெண்களைத் தனியே கவனிக்கிறது. குட்டையான உடலில் இடுப்பெலும்பு குறுகலாக இருந்து குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் அதே கட்டத்தில் 172 என்றோ 176 என்றோ எழுதப்பட்டால் அந்த எண்ணுக்கு அதன்பிறகு வேலையே இல்லை. எழுதியதோடு சரி.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. ஆகையால் 170-ஐத் தாண்டியவர்கள் எங்கும் குறைவுதான். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவாகி, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் வணிகக் குடும்பங்கள் வேரூன்றியிருக்கும் சாலைக் கடைத்தெருவிலும் அப்படித்தான். அத்தகைய பெண் கருவுற்றால் தெருவே அவளை அளக்கிறது. "ஆறு மாசம்னு சொல்லுத, வயித்தயே காணலியே மக்ளே?" என்று ஒருவர் கேட்பார். "இந்த உயரத்துக்குச் சுகப்பிரசவம்தான்" என்று இன்னொருவர் தீர்ப்புச் சொல்வார். முதல் பேச்சு வீண் பயத்தையும் இரண்டாவது வீண் நம்பிக்கையையும் தருகின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் மருத்துவ நிலையம் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிறு தெரியாததற்குக் காரணம் எளிது. விலாவுக்கும் இடுப்புக்கும் இடையே நீளம் அதிகமிருந்தால் கருப்பை மேல்நோக்கி வளர இடம் கிடைக்கிறது. முன்னால் தள்ளுவது தாமதமாகிறது. தொப்புளுக்கு மேலே எத்தனை விரற்கடை என்று தொட்டுப் பார்க்கும் பழைய முறை நீண்ட உடலில் பிசகக்கூடும். பூப்பெலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை நாடாவால் அளப்பது மேல். 24 வாரத்துக்குப் பிறகு அந்த அளவு, சென்டிமீட்டர் கணக்கில், ஏறத்தாழ வார எண்ணிக்கையை ஒட்டி நிற்கும். ஒருநாள் அளவைவிட, ஒரே கை மீண்டும் மீண்டும் அளந்து வரைந்த கோடுதான் பேசும். தாயின் உயரம், எடை, எத்தனையாவது பிரசவம் என்பவற்றைச் சேர்த்து அவரவர்க்கென வளர்ச்சிக் கோடு வரையும் முறை பிரிட்டனில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. உயரமான தாய்க்குப் பிறந்த இரண்டரைக் கிலோக் குழந்தை பொதுக் கோட்டின்படி தேறிவிடும். அந்தத் தாயின் கணக்கில் அது வயிற்றுக்குள்ளேயே வாடிய குழந்தையாக இருக்கலாம். 3.8 கிலோக் குழந்தையைக் கண்டு எல்லோரும் பதறலாம். அவளுக்கு அது இயல்பான எடையாக இருக்கலாம்.

எடை விஷயத்தில் இந்தப் பிசகு இன்னும் கூர்மையானது. 55 கிலோ எடையுள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொண்டால், 150 செ.மீ. உயரமுள்ளவளின் உடல்நிறைக் குறியீடு 24.4. ஆசியருக்கு அதிக எடையின் தொடக்கமாகச் சொல்லப்படும் 23 என்ற வரம்பை அவள் தாண்டிவிட்டாள். 175 செ.மீ. உயரமுள்ளவளின் குறியீடு 18-ஐ எட்டவில்லை. அவள் எடை போதாதவள். இருவருக்கும் சொல்லப்படுவது ஒரே வாக்கியம்: பத்துப் பன்னிரண்டு கிலோ ஏற வேண்டும். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (IOM) 2009-இல் வகுத்த அளவுப்படி எடை போதாத பெண் கர்ப்பத்தில் 12.5 முதல் 18 கிலோவரை ஏற வேண்டும். உயரமானவள் பத்துக் கிலோ ஏறி 65-இல் நின்றால், "நல்லா தேறிட்டா" என்று வீட்டார் மகிழ்வார்கள். கணக்குப்படி குறைந்தது இரண்டரைக் கிலோ பாக்கி. உயரமும் எடையும் அட்டையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வகுத்தலும் அதன் பக்கத்தில் இலக்கு எடைக்கு ஒரு கட்டமும் போதும். இதற்குப் பணம்கூட வேண்டியதில்லை.

பிரசவ முறைக்கு வந்தால், உயரமான பெண்களுக்குச் சிசேரியன் தேவைப்படுவது குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேரளத்தில், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 38.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9, நாடு முழுதும் 21.5. இவ்வளவு அறுவை நடக்கும் இடத்தில், இயல்பாகப் பெறும் வாய்ப்பு அதிகமுள்ளவளும் அதே ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படக்கூடும். அதே சமயம் உயரம் உத்தரவாதம் அல்ல. குழந்தை குறுக்கே கிடந்தாலும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்தாலும் உயரம் உதவாது; அறுவைதான் காக்கும். தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் 1916-இல் பணியேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்தான் 1920-இல் கேரளத்தின் முதல் சிசேரியனைச் செய்தவராக அறியப்படுகிறார். ஊர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்குப் பேறுகாலப் பயிற்சி அளித்தவரும் அவரே. கத்தியையும் மருத்துவச்சியின் கையையும் ஒரே இடத்தில் மதித்த அந்த மரபு, சாலையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடத் தூரத்தில் தொடங்கியது.

உயரத்தோடு வரும் சில ஆபத்துகளும் பேசப்படுவதில்லை. சுவீடனில் லட்சக்கணக்கானோரை ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவு, உயரம் கூடக்கூடச் சிரையில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, கர்ப்பிணிகளிடமும் அப்படியே என்றது. அறுவைக்குப் பிறகு இவர்களை விரைவில் எழுப்பி நடக்கவைப்பதற்கு இது கூடுதல் காரணம். மிக உயரமாக, ஒல்லியாக, விரல்கள் அசாதாரணமாக நீண்டிருக்கும் பெண்களில் மிகச் சிலருக்கு மார்ஃபான் நோய் இருக்கலாம். அவர்களுக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விரிந்திருக்கலாம். கர்ப்பத்தில் அது கிழிந்தால் உயிர் போகக்கூடும். ஒரு எக்கோ பரிசோதனை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரசவ அறையில், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கம்பியில் கட்டும் முறை நீண்ட கால்களுக்கு மிகக் கடினம். கம்பியின் எட்டம் சரியாக அமையாவிட்டால் முழங்காலின் வெளிப்புறம் ஓடும் நரம்பு அழுந்தி, பாதம் நாள்கணக்கில் மரத்துப்போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள், வலியின்போது நடமாடவும் விரும்பிய நிலையில் பெறவும் பெண்ணுக்கு இடமளிக்கச் சொல்கின்றன; பிரசவ அறைகளின் தரத்துக்காக மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் இதையே வலியுறுத்துகிறது. ஒருக்களித்துப் படுத்தோ மண்டியிட்டோ பெறுகிறவளுக்குக் கம்பியே வேண்டாம். பிரசவ அறைக்குக் கட்டில் வாங்கும்போது நீட்டிக்கக்கூடியதாக ஒன்றாவது கேட்டு வாங்கினால் மீதியும் தீரும்.

இனி துணி. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்கள், தடுக்கி விழுந்த கர்ப்பிணியைப் பார்த்திருக்க மாட்டார்கள். புடவையின் அகலம் பொதுவாக 44 முதல் 48 அங்குலம். 175 செ.மீ. உயரமுள்ளவளின் இடுப்பிலிருந்து தரை ஏறத்தாழ 41 அங்குலம். உள்ளே செருக இரண்டு மூன்று அங்குலம் போய்விடும். 44 அங்குலப் புடவை அங்கேயே தீர்ந்தது. ஏழாம் மாத வயிறு முன்பக்கத்தில் இன்னும் சில அங்குலத்தை விழுங்க, முன்கொசுவம் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொள்ளும், பின்பக்கம் தரையில் புரளும். வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் நீளம் கிடைக்கும், பிடிமானம் போய்விடும். வளைகாப்புக்குப் பட்டு எடுக்கப் போகிற தாய்வீட்டார் விலை கேட்குமுன் அகலத்தைக் கேட்பது நல்லது.

நைட்டியில் சிக்கல் வேறு வகை. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஏற ஏறத் தோளும் மார்பும் அகலமாகின்றன. நீளம் பெரும்பாலும் அதே 54, 55 அங்குலம்தான். ஆயத்த ஆடை உலகத்தில் பெரிது என்றால் பருமன் என்றே பொருள். உயரமானவள் பெரியதை வாங்கினால் தோள் சரிகிறது, கால் தெரிகிறது; பாலூட்ட வைத்த ஜிப்பும் மேலே ஏறி நிற்கிறது. தையற்காரர் இதை எளிதில் தீர்ப்பார்: உயரத்துக்கேற்ற நீளத்தில் வெட்டும்போது முன்துண்டை மட்டும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு, அந்த மிச்சத்தை இரு பக்கத் தையலிலும் சுருக்கு வைத்துப் பிடித்தால் வயிறு வளர வளர இடம் கிடைக்கும், கீழ்விளிம்பு சமமாக நிற்கும். 1998-இல் தொடங்கிய கேரள மகளிர் சுயஉதவி இயக்கமான குடும்பஸ்ரீயின் தையல் குழுக்களிடம் இந்த ஒரு வெட்டைக் கொடுத்து, மருத்துவமனை அங்கியையும் நைட்டியையும் இரண்டு நீளங்களில் தைக்கச் சொன்னால் அவர்களுக்கும் வருமானம்.

நெசவும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் குடியேறிய பாலராமபுரம், சாலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில்தான். ஆண்கள் உடுத்தும் நாலுமுழ வேட்டி 50 அங்குல அகலத்தில் வருகிறது. ஆகவே அகலத் தறி இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதே அகலத்தில் மெல்லிய பருத்திப் புடவையும் பிரசவப் பைக்கான வெள்ளை முண்டும் நெய்ய, கைத்தறித்துறையோடும் கைத்தறிக் கூட்டுறவான ஹேண்ட்டெக்ஸோடும் சுகாதாரத்துறை பேச வேண்டும்.

சாலைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் பெண்கள் புறப்படுகிறார்கள். மலையாளத்தில் எழுதிய அட்டை கூடவே போகிறது. அங்கே புதிய பதிவு, புதிய அளவு, புதிய கை. அதுவரை வரைந்த கோடு அறுந்துவிடுகிறது. சாலை, பாலக்காடு, இடுக்கி போன்ற தமிழர் வாழும் இடங்களிலாவது அட்டை தமிழிலும் அச்சாக வேண்டும். அதில் உயரத்துக்குப் பக்கத்திலேயே உடல்நிறைக் குறியீடும், இலக்கு எடையும், கருப்பை உச்சியின் அளவுகளைத் தேதிவாரியாகக் குறிக்கும் கோட்டுப்படமும் இருக்க வேண்டும். அப்போது நாகர்கோவிலில் அட்டையை வாங்கும் செவிலியர் விட்ட இடத்திலிருந்து அளப்பார்.