எட்டு முனை எல்லாம் ஒன்றல்ல

"கம்ப்யூட்டர் பூட்டுவது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதற்குக் காசு தேடிக் கொடுப்பவர் பல வீடுகளில் நீங்கள்தானே?

அக்குறணையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. உயர்தரம் எழுதிய மகன் பாகங்களை வாங்கிவந்து தானே பூட்டினார். ஆளியைப் போட்டதும் விசிறி சுற்றியது. திரையில் படம் வரவில்லை. "மதர்போர்டு பழுது, வேறு வாங்க வேண்டும்" என்றார். உம்மா காப்பைக் கழற்றிவிட்டார்.

அந்நேரம் வந்திருந்த சாச்சியின் மகள், பேராதனையில் பொறியியல் படிப்பவள், பெட்டிக்குள் பார்த்தாள். 24 முனைப் பெரிய வயர் சரியாகவே இருந்தது. பிராசசருக்குப் பக்கத்திலுள்ள 8 முனைக் குழி மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குரிய வயரை வீடியோ கார்டு வயர் என்று நினைத்து மகன் கட்டி ஒதுக்கியிருந்தார்! அதைப் பூட்டியதும் படம் வந்தது. காப்பும் கைக்குத் திரும்பியது.

காரணம் இதுதான். பெரிய வயர் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிறது. பிராசசருக்குத் தனியாக 12 வோல்ட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் விசிறி சுற்றும், வேலை நடக்காது.

இரண்டு எட்டு முனைகளையும் எப்படிப் பிரித்தறிவது? பிராசசர் வயர் பெரும்பாலும் 4+4 ஆகப் பிரியும். வீடியோ கார்டு வயர் 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். ஆகவே, நுழையாததை ஒருபோதும் அழுத்தி நுழைக்கக் கூடாது.

1995இல் ஏ.டி.எக்ஸ். முறை வருமுன் இந்த ஆபத்து இன்னும் பெரிது. போர்டுக்கு இரண்டு வயர்கள் பக்கம் பக்கமாகப் போகும். கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும். மாற்றிப் பூட்டினால் போர்டு கருகிவிடும். இன்றும் வேறொரு ஆபத்து உண்டு. சில பவர் சப்ளைகளின் வயர்களை முழுதாகக் கழற்றலாம். ஒன்றின் வயரை வேறு பிராண்டில் மாட்டாதீர்கள். அதே பிராண்டின் வேறு மாடலிலும் வேண்டாம். முனை பொருந்தும், உள்ளே வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கும் அதிலுள்ள குடும்பப் படங்களும் ஒரு நொடியில் போய்விடும்.

கை வைக்குமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நம் கண்டி மலைகளில் பின்னேரம் இடி முழங்கும்போது, ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

இனி யாராவது "போர்டு போய்விட்டது" என்றால், காப்பில் கை வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிராசசர் வயரைப் பூட்டினீர்களா?"