ஆஞ்சியோ சிடி ஓடலையா? தூக்கிப் போடாதீங்க

போன வாரம் சேலையூர்லேர்ந்து ஒரு பெரியவர் வந்தார். மூணு மாசம் முன்னாடி ஆஞ்சியோ எடுத்தவர். சிடி எங்கன்னு கேட்டேன். "டிவியில ஓடல டாக்டர், பழைய பேப்பரோட போட்டுட்டோம்"னார்.

சிடி கெட்டுப்போகல. அதுல இருந்தது டைகாம் ஃபைல். 1993லேர்ந்து இந்தப் பேர்ல இருக்கிற, உலகம் முழுக்க ஸ்கேன் படங்களுக்கான பொது ஃபார்மேட். டிவியோ போனோ அதைத் திறக்காது. வீசிஸ், மைக்ரோடைகாம் மாதிரி இலவச வியூவரைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கணும்.

எம்பி4-ஆ மாத்தலாமா? மாத்தலாம், வீட்ல பார்க்க அது போதும். ஆனா ஒரிஜினலை விட்டுடாதீங்க. மாத்தும்போது பேஷன்ட் பேர், தேதி, ரத்தக்குழாயை அளக்க உதவுற விவரம் எல்லாம் போயிடும். வாட்ஸ்அப்ல அனுப்பினா இன்னும் சுருங்கும்.

என் கோபம் எங்க ஆளுங்க மேலதான். லேப்டாப்ல சிடி டிரைவே இல்லாத காலத்துல, ஒரு வார்த்தை விளக்காம சிடியைக் கையில திணிச்சு அனுப்புறோம். பென்டிரைவ்ல டைகாமும் எம்பி4-உம் சேர்த்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பெரியவருக்கு கிரியாட்டினின் 1.9. மறுபடி ஆஞ்சியோன்னா மறுபடி டை, கிட்னிக்கு மறுபடி சுமை. எடுத்த இடத்துல காப்பி இருக்கான்னு கேக்கச் சொல்லி அனுப்பியிருக்கேன்.